வலது கட்டைவிரல் கட்டாயம்

கம்பெனிகளில் எத்தனை பேருக்கு எத்தனை விரல் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள மேலிடத்துக்குத் திடீரென்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் அதற்கொரு வாரியம் வைப்பது நம் வழக்கம். ஆகவே திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியைப் பிடித்து, 'தொழிலாளர் கைநலத் தரவு வாரியம்' என்று பலகை மாட்டினார்கள். முகூர்த்த நாளில் கீழே கெட்டிமேளம் கேட்கும். மேலே விரல்களைப் பற்றி ஆலோசனை நடக்கும். ஆலோசனைக்கு வருகிறவர்களுக்குக் கீழே பந்தியிலிருந்து கேசரி வரும். அந்த வகையில் வாரியம் யாருக்கும் குறை வைக்கவில்லை.

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்கள். அப்படி எடுத்தவர்களில் ஒருத்தி விக்டோரியா. நாற்பத்தொரு வயது. தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவுக்குப் போகிற ரோட்டை ஒட்டியிருக்கும் காலனிக்காரி. அவளைப் பெற்றவர்கள் ஊர்க்காரர்களின் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் பத்து வருஷம் செருப்புக் கம்பெனியில் தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்திருந்தவள். முதுகு போனதும் வேலையும் போனது. பிளஸ் டூ முடித்திருந்தாள். காலனியில் எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடிக்கிற உரிமையும் அவளுக்கு இருந்தது. வாரியம் பிளஸ் டூ சான்றிதழை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொண்டது.

பயிற்சி வகுப்பை எடுத்தவன் பார்த்திபன். படிவ வடிவமைப்பு அலுவலர். ஆளுக்கொரு டேப்லெட்டும், அதில் செருகுகிற சின்ன ரேகை மெஷினும் கொடுத்துவிட்டு, திரையில் படிவத்தைக் காட்டினான்.

"இதுல நூத்திப் பதினாலு கட்டம் இருக்கு. எல்லாத்துக்கும் பக்கத்துல சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கேன். நட்சத்திரம்னா கட்டாயம். பேரெல்லாம் ஏற்கெனவே ஏத்தியாச்சு. முதல் கட்டம், தொழிலாளியோட வலது கட்டைவிரல் ரேகை. அதை வெச்சாத்தான் ரெண்டாவது கட்டம் திறக்கும்."

விக்டோரியா கையைத் தூக்கினாள். "சார், கட்டைவெரலு போனவங்க இருப்பாங்களே?"

"அதுக்கு எழுபத்து மூணாவது கட்டம் இருக்கும்மா. 'கட்டைவிரல் உள்ளதா, இல்லையா?' அங்க கேட்டுப்போம்."

"மொத கட்டத்தையே தாண்ட முடியாதே சார்?"

"தாண்டக் கூடாதுன்னுதானேம்மா கட்டாயம்னு வெச்சிருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விக்டோரியாவுக்குத் தன் கேள்வியில்தான் ஏதோ மடத்தனம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்து, உட்கார்ந்துவிட்டாள். படித்தவர்கள் கட்டம் கட்டமாகச் செய்த பாரம், யோசிக்காமலா செய்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

முடிவில் வாரியத்தின் இயக்குநர் ராஜமாணிக்கம் பேசினார். ஐம்பத்தாறு வயது, மெல்லிய குரல், யாரையும் கடிந்துகொள்ளாத மனிதர். "முன்னே காகிதத்துல எடுத்தாங்க. ஒருத்தன் நாலு விரல் போச்சும்பான், இன்னொருத்தன் அரை விரல்ம்பான். வாய்க்கு வந்ததை எழுதிக்கிட்டு வந்தாங்க. இனிமே யாரும் எதையும் வாயால சொல்ல வேண்டியதில்லை. விரலே வந்து சாட்சி சொல்லிடும். விபத்தைத் தடுக்கறது நம்ம வேலையில்லை, அதுக்கு வேற துறை இருக்கு. தப்பான பதிவைத் தடுக்கறதுதான் நம்ம வேலை." கைதட்டல் அடங்குவதற்குள் கேசரி வந்துவிட்டது.

விக்டோரியாவுக்கு இந்த வேலையில் அக்கறை உண்டு. காரணம் லோகு. அவள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையன், இருபத்தாறு வயது. பூங்காவில் ஒரு தகடு கம்பெனியில் கான்ட்ராக்டில், தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். மாசியில் ஒரு நாள் மெஷின் இறங்கியபோது அவனுடைய வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உள்ளே இருந்தன. அன்றைக்குப் பிறகு கான்ட்ராக்டர் அவன் போனை எடுக்கவில்லை. மனைவி பூமிகா வடநாட்டுப் பையன்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவிக் குடும்பத்தை ஓட்டினாள். வாரியம் எடுக்கும் பட்டியல் வந்தவுடன், விரல் போனவர்களுக்கு அதே பூங்காவில் இலகுவான வேலை தரவேண்டும் என்று ஓர் உத்தரவு இருந்தது. கேட்டில் டோக்கன் கொடுப்பது, ஸ்டோரில் சாமான் எழுதிக்கொள்வது, இப்படி. லோகு அந்த டோக்கன் வேலையை நினைத்துக்கொண்டு மூன்று மாதமாக இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். பழைய நோட்டு ஒன்று முழுக்க ஒன்றிலிருந்து நூறு வரை கோணல் கோணலாக எழுதி வைத்திருந்தான்.

ஆனியில் கணக்கெடுப்பு தொடங்கியது. முதல் வீடு ஸ்டீபனுடையது. ஸ்டீபனுக்கு இடது கையில் மூன்று விரல் கிடையாது. வலது கை முழுசாக இருந்தது. கட்டைவிரலை வைத்தார். டேப்பில் பச்சையாக ஒரு சுற்று சுற்றி, எழுத்து வந்தது: 'கை நலமாக உள்ளது. பதிவு முடிந்தது. நன்றி.'

"இன்னாம்மா இது, என் மூணு வெரலையும் கேக்கவே இல்லியே?"

விக்டோரியா பார்த்திபனுக்குப் போன் போட்டாள். அவன் பொறுமையாக விளக்கினான். ரேகை கிடைத்துவிட்டால் கட்டைவிரல் இருக்கிறது என்று ஆகிறது. கட்டைவிரல் இருந்தால் கை நன்றாக இருக்கிறது என்று ஆகிறது. நன்றாக இருக்கிறவனிடம் மிச்ச நூற்றிப் பதிமூன்று கேள்வியையும் கேட்டு அவன் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று, மற்ற கட்டங்களெல்லாம் தானாக மூடிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். "மக்களுக்குத் தொந்தரவு குறையணும்மா. அதுக்காகவே மூணு கூட்டம் போட்டோம்."

"அப்ப கட்டைவெரலு இருந்தா காயம் இல்ல. கட்டைவெரலு இல்லன்னா பாரமே இல்ல. பின்ன காயம்பட்டவன் யாரு சார்?"

"அதைத்தானேம்மா நீங்க கண்டுபிடிச்சிட்டு வரணும்" என்றான்.

லோகு வீட்டில் டேப் முதல் கட்டத்திலேயே நின்றது. 'விரலைச் சரியாக வைக்கவும்' என்று ஒரு பெண் குரல் அதிலிருந்து வந்தது. லோகு, கட்டைவிரல் இருந்த இடத்தில் தையல் போட்ட மேட்டை மெஷினில் அழுத்தினான். 'விரலைச் சரியாக வைக்கவும்.' நடுவிரலை வைத்தான். அதே குரல். அதற்குக் கோபமும் வரவில்லை, அலுப்பும் வரவில்லை.

விக்டோரியா விட்டுவிடவில்லை. தினம் போன் போட்டுப் பார்த்திபனைப் பேஜார் பண்ணினாள். அவனும் நல்ல பையன்தான். ராத்திரியும் பகலும் உட்கார்ந்து படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்துக் கொடுத்தான். 'கட்டைவிரல் இல்லையெனில், இல்லாத கட்டைவிரலின் புகைப்படம்.' விக்டோரியா லோகுவை வாசலுக்குக் கூட்டிவந்து, வெயிலில் கையை நீட்டச் சொல்லிப் படம் பிடித்தாள். 'படத்தில் கட்டைவிரல் தெரியவில்லை. நல்ல வெளிச்சத்தில் மீண்டும் எடுக்கவும்.' பதினோரு தடவை எடுத்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பன்னிரண்டாவது தடவை லோகு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"வுடுக்கா. கல்யாணத்துக்குக் கூட இவ்ளோ போட்டோ புடிக்கல."

ஆடி பிறந்ததும் விக்டோரியா திருவள்ளூருக்கே கிளம்பினாள். பெரியபாளையத்தில் பஸ் மாறவேண்டும். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக ஜனம் நெரிந்தது. நின்றபடியே போய்ச் சேர்ந்தாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. ராஜமாணிக்கம் அவளை உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்துக் கொடுத்து, முழுவதையும் கேட்டார்.

"வலது இல்லாதவங்க எடதை வெக்கலாம்னு ஒரு வார்த்த சேத்துட்டா போதும் சார். நட்சத்திரத்த எடுக்கக்கூட வேணாம்."

"அருமையான யோசனை" என்றார் இயக்குநர். நிஜமாகவே அவருக்குப் பிடித்திருந்தது. "எழுதிக் குடுங்க. குழுவுக்கு வைக்கறேன். இப்போ ஓடறது ரெண்டாம் பதிப்பு. மூணாம் பதிப்பு தைமாசம் வரும், அதுல கண்டிப்பா பரிசீலிப்போம்."

"இந்த மாசக் கடசில கணக்கு முடியுதே சார்? லோகு பேரு வராம போயிடுமே?"

"அம்மா, ஒரு ஆளுக்காகப் பாரத்தை மாத்தினா நாளைக்கு இன்னொரு ஆள் வருவான். அப்புறம் ஆளுக்குத் தகுந்த மாதிரி பாரம்னு ஆயிடும். பாரத்துக்குத் தகுந்த மாதிரி ஆள் இருந்தாத்தான் அது கணக்கெடுப்பு."

விக்டோரியா எழுதிக் கொடுத்தாள். வெளியே வரும்போது பார்த்திபன் படிக்கட்டு வரை வந்து, முடியாமல் நிற்கிற பதிவுகள் முப்பத்தொன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குத் தானாக அழிந்துவிடும் என்று ஞாபகப்படுத்தினான். அவனால் முடிந்த உதவி அது.

முப்பத்தொன்றாம் தேதி பதினொன்றரைக்கு அவள் லோகு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். டேப் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தது. பூமிகா ஹாஸ்டலிலிருந்து அப்போதுதான் வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் வெக்கட்டாக்கா? ரேசன்ல நான்தான வெக்கிறேன். நான் வெச்சா இவருக்கும் சேத்துதான அரிசி போட்றான். ஒரு ஊட்டுக்கு ஒரு வெரலு போதும்னு சொல்றான். இதுவும் கவர்மெண்டு மெசினுதான?"

காலனியில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். விக்டோரியாவுக்கும் அப்படித்தான் பட்டது. பேர் பட்டியலில் ஏறட்டும், மற்றதை அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பூமிகா கட்டைவிரலை வைத்தாள். பச்சை சுற்றியது. 'லோகு. கை நலமாக உள்ளது. பதிவு முடிந்தது. நன்றி.' விக்டோரியா திருத்தப் போனாள், திறக்கவில்லை. பூமிகா அதற்குள் சிரித்த முகமாக டீ போடப் போய்விட்டாள்.

ஆவணியில் மண்டபத்தின் கீழ்த் தளத்தையே ஒரு நாள் எடுத்து விழா வைத்தார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை வரைக்கும் எட்டாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்கள் பதிவாகியிருந்தார்கள். விரல் இழந்தவர்கள்: பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத் தெர்மாகோலில் வெட்டி, ஜிகினா ஒட்டி மேடையில் தொங்கவிட்டிருந்தார்கள். மணமக்கள் உட்காரும் நாற்காலியில் ராஜமாணிக்கமும் பார்த்திபனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தனையோ பேர் இந்தப் பகுதியைப் பத்தி அவதூறு பேசினாங்க" என்றார் ராஜமாணிக்கம். "வீட்டுக்கு ஒரு கை மூளின்னு எழுதினாங்க. நாங்க யாருக்கும் பதில் சொல்லலை. விரல்களைக் கேட்டோம். ஒரு விரல்கூட, நான் இல்லைன்னு சொல்லலை." நடிப்பில்லை, அந்த மனிதர் அதை முழுசாக நம்பினார். கேட்டுக்கொண்டிருந்த விக்டோரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்வரிசையில் ஸ்டீபன், இரண்டு விரல் கையை மறு கையில் அடித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். களப்பணியாளர்கள் ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டிவர வேண்டும் என்பது உத்தரவு.

காயம்பட்டவர் யாருமில்லை என்று ஆகிவிட்டதால் இலகு வேலைத் திட்டம் முடித்துவைக்கப்பட்டது. பதிவானவர்களின் பெயர், ரேகை எல்லாம் 'முழுத் தகுதிப் பட்டியல்' என்ற தலைப்பில் கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

புரட்டாசியில் லோகுவுக்குப் போன் வந்தது. பழைய தகடு கம்பெனியேதான். கான்ட்ராக்டர் மாறி, புதிய ஆட்களைப் பட்டியல்படி கூப்பிடுகிறார்களாம். பூமிகா ஒரு டப்பாவில் மைசூர்பாகு கொண்டுவந்து விக்டோரியாவின் கையில் வைத்தாள். "உன்னாலதான்க்கா. டோக்கன் வேலையாத்தான் இருக்கும்." விக்டோரியா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

லோகுவை நிறுத்தியது பிரஸ்ஸில். அவன் கையைத் தூக்கிக் காட்டினான். ஆள் எடுக்கும் அதிகாரி சந்திரமோகன் கையைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

"தம்பி, இங்க முழுத் தகுதின்னு இருக்கு. கவர்மெண்ட் வீடு தேடி வந்து எடுத்த டேட்டா. நான் உன் கையை நம்பறதா, டேட்டாவை நம்பறதா? கையை நம்பினா ஆடிட்டுல நான்தானே மாட்டிக்குவேன்?"

இன்னொரு சிக்கலும் வந்தது. கேட்டில் வருகைப் பதிவும் அந்தப் பட்டியல் ரேகைப்படிதான். லோகு எந்த விரலை வைத்தாலும் கதவு திறக்கவில்லை. விஷயம் புரிந்ததும் சந்திரமோகன் கொஞ்சமும் அசரவில்லை. பூமிகா தினம் காலையில் கேட்டுக்கு வந்து கட்டைவிரல் வைத்தால் கதவு திறக்கும், லோகு உள்ளே போகலாம் என்று அனுமதி கொடுத்தார். சாயங்காலம் அவளே வந்து விரல் வைத்து அவனை வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்கூல் பிள்ளையைக் கொண்டுவிட்டுக் கூட்டிப்போவது போல அவள் அதைச் செய்தாள்.

விக்டோரியா லோகுவை ரோட்டில் பிடித்து நிறுத்திச் சண்டை போட்டாள். "அந்த மெசினே வேணான்டா. நான் போயி உண்மைய சொல்லி மாத்தறேன்."

"பயப்படாதக்கா. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்கினாத்தான் மெசினு எறங்கும். எனக்கு வலது பட்டன் அமுக்க வரல. சூப்பர்வைசர் நல்லவரு, அத்த கம்பி போட்டு இஸ்த்துக் கட்டிக் குட்த்துட்டாரு. இப்ப எடது கை ஒண்ணே போதும், ஜோரா ஓடுது."

விக்டோரியா செருப்புக் கம்பெனியில் இருந்தவள். இரண்டு பட்டன் எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் ஒரு கையும் மெஷினுக்குள் இருக்காது. அன்றைக்கே மறுபடி திருவள்ளூருக்கு ஓடினாள்.

"தப்பு என்னுது சார். அது அவன் சம்சாரத்தோட வெரலு. என்னை வேலையவுட்டுத் தூக்குங்க, கேசு போடுங்க, எது வேணா செய்ங்க. அவன் பதிவை மட்டும் மாத்திடுங்க."

ராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க நேர்மையைப் பாராட்டறேம்மா. ஆனா முடிவு வெளியாயிடுச்சே. பூஜ்யத்தோட ஒண்ணைச் சேத்தா அது பூஜ்யம் இல்லையே. ஒருத்தனுக்கு விரல் இல்லைன்னு ஒத்துக்கிட்டா, மீதி எட்டாயிரம் பேருக்கும் இருக்கான்னு கேப்பாங்க. நீங்க ஒரு தொழிலாளியைப் பத்தி யோசிக்கறீங்க, நான் எல்லாத் தொழிலாளிகளையும் யோசிக்க வேண்டியிருக்கு." பிறகு அவளைத் தேற்றுகிற குரலில், "உங்க இடது விரல் யோசனை குழுவுல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. அதை நினைச்சு சந்தோஷப்படுங்க" என்றார்.

ஐப்பசியில், தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கையில், மதிய ஷிப்டில், லோகுவின் இடது கை மெஷினுக்குள் போனது. நான்கு விரலும் கட்டைவிரலும். பூமிகா வந்து விரல் வைக்கிறவரை கேட் திறக்காததால், அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக இருபத்தைந்து நிமிஷம் ஆனது. கம்பெனிப் பதிவில் அது விபத்தாக ஏறவில்லை. முழுத் தகுதிப் பட்டியலில் இருக்கிறவருக்கு விபத்து என்று எழுத அங்கேயும் கட்டம் இல்லை.

தைமாசம் மூன்றாம் பதிப்பு வந்தது, மறுபடி வீடு வீடாகக் கணக்கெடுப்பு. டேப்பைத் திறந்ததும் பூக்கோலம் போட்ட அறிவிப்பு ஒன்று வந்தது. 'களப்பணியாளர் திருமதி விக்டோரியா அவர்களின் ஆலோசனையை ஏற்று, வலது கட்டைவிரல் இல்லாதவர்கள் இனி இடது கட்டைவிரலை வைக்கலாம்.' பார்த்திபன் போன் போட்டு வாழ்த்துச் சொன்னான். அவளுக்குப் பாராட்டுச் சான்று வருகிறதாம்.

விக்டோரியாவுக்கு எதிர்வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அவள் பகுதிதான் அது. போகாமலும் இருக்க முடியாது. லோகு உள்ளே பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் மடியில் கிடந்தன. எழுதிப் பழகிய நோட்டு, அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவளைப் பார்த்ததும் தலையாட்டி, உட்காரச் சொன்னான்.

"புதுசா வந்துக்கீதாமே? எடது வெரலு வெக்கலாம்னு ஸ்டீபன் அண்ணன் சொன்னாரு."

அவள் அழுதாள். மறைக்கவில்லை. "என்னை செருப்பால அடிடா" என்றாள்.

"நீ இன்னாக்கா பண்ணுவ" என்றான். டேப் தானாக விழித்துக்கொண்டு, 'விரலைச் சரியாக வைக்கவும்' என்றது.

"பூமிகா எங்கடா?"

"கம்பெனிக்குப் போய்க்கீறா."

"யாரைக் கூப்ட? நீதான் ஊட்ல கீறியே?"

"பிரஸ்ஸுக்குக்கா. சந்திரமோகன் சார்தான் சொல்லி அனுப்சாரு. பட்டியல்ல லோகு பேரு இன்னும் கீதாம், ரேகையும் சரியா வருதாம். ஆளு வரலன்னா பேர அடிச்சிடுவாங்களாம். ரேகை யாருதோ அவங்களே வந்து நிக்கட்டும்னு சொல்ட்டாரு. ஹாஸ்டல்ல பசங்க காலி பண்ணிட்டாங்க, வேற வேலையும் இல்ல. ஒரு வாரமா அவதான் லோகுன்னு போய்க்கினு கீறா."

விக்டோரியா எழுந்து நின்றாள். எங்கே போவது என்று தெரியவில்லை. திருவள்ளூருக்குப் போகலாம், மோர் கொடுப்பார்கள். மறுபடி உட்கார்ந்தாள்.

"அந்த வலது பட்டனு?" என்று கேட்டாள்.

"கம்பி கட்னபடிதான் கீதாம். வேகமா ஓடுதுன்னு அவுக்கல."

டேப் மறுபடி விரல் கேட்டது. லோகு அதைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், பிறகு அவளைச் சமாதானப்படுத்துகிறவன் போலச் சொன்னான்.

"அவசரம் இல்லன்னா இரு அக்கா. நாலு மணிக்கு ஷிப்டு வுட்ருவான். அவ வெரலோட வந்தா, வெச்சிக்கலாம்."

விக்டோரியா டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாலு மணிக்காகக் காத்திருந்தாள்.